அவர் வெட்டி வைத்த இலை

தட்டிலிருந்து பத்துப் பட்டுப்புழுக்களை எண்ணி எடுத்துத் தனி முறத்தில் விட்டாள் அவள். வீட்டுக்குள் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள்.

"அண்ணி, இங்க என்ன பண்றீங்க? எல்லாரும் உங்களத் தேடுறாங்க." கொழுந்தன் புழுக் கொட்டகையின் வாசலில் நின்றான்.

"காலையிலேர்ந்து புழு பட்டினி கெடக்குது."

விடியுமுன் மல்பெரி இலை வெட்டிக்கொண்டு வந்தவர், அதை ஈரச் சாக்கால் மூடினார். "நெஞ்ச அடைக்குது" என்று பக்கத்திலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இப்போது மணி ஒன்று. இன்னும் நாலு நாளில் கூடு கட்டப்போகிற புழுக்களுக்கு அகோரப் பசி.

"அண்ணன் வெட்டினது இருக்குல்ல, அள்ளிப் போடுங்க. பத்தலன்னா கெணத்துப் பக்கம் நான் வெட்டித் தரேன்."

"அங்க மருந்தடிச்சு ஒரு வாரம்கூட ஆகல."

"ரெண்டு நாளா மழதானே அண்ணி. கழுவிட்டுப் போயிருக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. போன முறை அவரும் இதையேதான் சொன்னார். கழுவிப் போக அது என்ன தூசியா? மருந்து இலைக்குள் இறங்கியிருந்தது. இலை பறிக்கக் காத்திருக்கச் சொல்லி டப்பாவில் போட்டிருந்த நாள் கணக்கு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்று மாலையே புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டின, பச்சையாகக் கக்கின, கொட்டகை முழுக்கச் சுருண்டு செத்தன. குழி வெட்டிக் கொட்டும்போது, நாலு பேர் பார்க்க அவள் சொன்னாள்: "இனி உங்க இலைய நம்பி நான் புழு வளர்க்க மாட்டேன்."

கோபத்தில் வந்த வார்த்தை. கோபம் போய்விட்டது, வார்த்தை போகவில்லை. அதன்பின் அவர் கொண்டுவரும் ஒவ்வொரு கட்டிலிருந்தும் நாலு இலை முதலில் பத்துப் புழுவுக்குப் போகும். முடிவு தெரியும்வரை பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி வாசலில் நிற்பார். புழுக்கள் நன்றாக இருந்தால் அவள் "ம்" என்பாள். அவ்வளவுதான் மார்க். நல்ல இலை என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்ன?

"அண்ணன் கடைசியா வெட்டினது அண்ணி. அதுக்குமா சோதனை?"

அவள் சாக்கின் ஓரத்தைத் தூக்கினாள். அவர் இருட்டோடு போய் வெட்டியிருந்தார். கிணற்றுப் பக்கமா, மருந்து படாத மேட்டுப் பக்கமா என்று அவள் கேட்டிருக்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. அப்படியே அள்ளிப் போட்டுவிடலாம் என்றுதான் கை போனது. உயிரோடு இருந்தபோது நம்பாமல் செத்தபின் நம்புவது எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது. நாலு இலையைக் கிள்ளி முறத்தில் போட்டாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். அவள் தெருமுனைவரை நடந்தாள். வண்டி திரும்பி மறைந்தபோது அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இலை கெட்டிருந்தால் அவர் கடைசியாகச் செய்த காரியம் அதுவாகிவிடும். ஊர் பேசினால் பேசட்டும். அவள் சொன்ன வார்த்தையல்லவா மெய்யாகிவிடும்!

கொட்டகைக்குத் திரும்பினாள். முறத்தில் நரம்பு மட்டும் மிச்சம் இருந்தது. ஒன்றொன்றாக எண்ணினாள். பத்தும் கொழுகொழுவென்று ஊர்ந்தன. ஆட்டம் இல்லை, கக்கல் இல்லை.

சாக்கை விலக்கி எல்லா இலையையும் தட்டுகளில் பரப்பினாள். கொட்டகை முழுக்க மெல்லும் சத்தம் எழுந்தது. பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பினாள். "ம்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வெளியே வந்தாள். வாடகை நாற்காலிக்காரர் மட்டும் முற்றத்தில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல இலைங்க," என்றாள்.

"என்னம்மா?"

"அவரு வெட்டினது. நல்ல இலை."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரிங்கம்மா," என்றார். அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி அவள் பக்கத்தில் போட்டார்.