பிடியை முன்னே தள்ளுதல்

இங்கிலாந்தில் தனியார் விமானி உரிமத்துக்கான பயிற்சியில், சுழன்று விழும் விமானத்தை மீட்கக் கற்றுத்தருவதில்லை. ரவீன் அண்ணை அதைப் படிக்காமலே போன வருடம் உரிமம் எடுத்தவர். இப்போது நான் பயிற்சியில் இருக்கிறேன்.

"சுழலவிடாமல் ஓட்டினால் காணும்," என்றார்.

எனக்கு அது போதவில்லை. பயிற்றுநரிடம் கேட்கக் கூச்சப்பட்டே மூன்று வாரம் போனது.

கடைசியில் கேட்டேன். சனிக்கிழமை, நல்ல உயரத்தில், பயிற்றுநர் விமானத்தைச் சுழலவிட்டார். கீழே வயல்கள் சுற்றின. மூக்கை உயர்த்த, பிடியை இழுக்கத்தான் கை போனது. இழுத்தால் சுழற்சி நிற்காது. அவர் சொல்லித்தந்தபடி, சுழற்சிக்கு எதிர்ப்பக்கக் கால்மிதியை அழுத்தி, பிடியை முன்னே தள்ளினேன். நின்றது.

லண்டன் டூட்டிங்கில் அண்ணையோடு கொத்துரொட்டி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அண்ணை கரண்டியை வைத்தார்.

"நான் இழுத்திருப்பன். அம்மாவையும் ஏத்திக்கொண்டு பறந்தனான்."

தட்டைத் தள்ளிவைத்து, "எனக்கும் காட்டித்தரச் சொல்லி உன்ர பயிற்றுநரிட்டக் கேட்டுப் பாரன்," என்றார்.

"நீங்களே கேளுங்கோ," என்று அவருடைய தட்டிலிருந்த இறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டேன்.