கப்பல் போட்ட ஐந்து டேபிள் மேட்

என் ஓரகத்திக்குத் திடீரென்று கைவேலை மோகம் பிடித்துக்கொண்டது. சட்டைக்கு ஒரு பட்டன் தைத்ததாகக்கூடச் சரித்திரம் கிடையாது அவளுக்கு. போனில் எவளோ ஒருத்தி பத்தே நிமிடத்தில் டேபிள் மேட் தைப்பதைப் பார்த்துவிட்டாளாம். விடுமுறைக்கு எல்லோரும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. நாங்கள் இரண்டு ஜோடி, மாமியார், ஆக ஐந்து பேர். விடுமுறைக்குப் பொருத்தமாகக் கடலும் கப்பலும் போட்ட துணியில், தட்டுக்குக் கீழே விரிக்க ஐந்து மேட் தன் கையாலேயே தைக்கப்போகிறாளாம். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

அடிக்கட்டும், எனக்கென்ன வந்தது? ஆனால் அதற்கு என் மெஷின்தான் வேண்டுமாம். பேருக்கு மாமியாருடையது. பதினோரு வருடமாக என்னிடம்தான் இருந்தது. தெருவில் பாதி வீட்டுத் திரைச்சீலையும் பள்ளிக்கூடச் சட்டையும் நான் அதில் தைத்தவை. என் பிழைப்பே அதுதான்.

"ரெண்டு நாள் குடும்மா, ஆசைப்படுறா" என்றார் மாமியார். கொடுத்துத் தொலைத்தேன். இரண்டு நாள் மூன்று வாரமாயிற்று. விருந்து முடிந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு நாள் மகாராணியே கூப்பிட்டாள்.

"அக்கா, நூல் அறுந்துகிட்டே இருக்கு. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

போய்ப் பார்த்தால் ஊசியைத் திருப்பி மாட்டி வைத்திருக்கிறாள். அறுந்துபோகாமல் என்ன செய்யும்? சரிசெய்துவிட்டு நிமிர்ந்தேன். மேஜையில் கப்பல் துணி விரிந்து கிடந்தது. ஒரு துண்டும் வீணாகக் கூடாதென்று, பெரிய சாமர்த்தியமாக, நெடுக்குவாட்டில் சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தாள். அப்படி வெட்டினால், மேட்டைத் தட்டுக்குக் கீழே போடும்போது கப்பலெல்லாம் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கத்தரி இன்னும் படவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எல்லாம் சரியா இருக்காக்கா?"

"பிரமாதமா இருக்கு" என்றேன். நாலு பேர் முன்னால் நன்றாக அசிங்கப்படட்டும் என்றுதான் சொன்னேன். அதில் ஒளித்து மறைக்க ஒன்றுமில்லை.

விருந்தன்று ஐந்து மேட்டும் மேஜையில் இருந்தன. ஓரத்தையல் குடித்துவிட்டு நடந்தவன் மாதிரி போயிருந்தது. ஐந்திலும் கப்பல்கள் மூழ்கத் தயாராக நின்றன. பார்த்தவர்களோ ஆகா ஓகோ என்றார்கள். கொழுந்தன் போட்டோ எடுத்தான். என் வீட்டுக்காரர்கூட "நல்லா இருக்கும்மா" என்றார், வெட்கங்கெட்ட மனுஷன். ஒருத்தருக்குமா கண்ணில்லை? எனக்குப் பொறுக்கவில்லை.

"கப்பல் ஏன் இப்படி நட்டுக்கிட்டு நிக்குது? துணியைக் குறுக்கால வெட்டணும். இதுகூடத் தெரியாமயா தைக்க உக்காந்தே?"

ஓரகத்தி முகத்தில் ஈயாடவில்லை. மேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க அன்னிக்கு வெட்டறதுக்கு முன்னாடியே பாத்தீங்களேக்கா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சேதான் சும்மா இருந்தியா?"

"அதில்லத்தை. என் மெஷின் மூணு வாரமா..."

"உன் மெஷினா? பதினோரு வருஷம் வெச்சிருந்தியே, நம்ம வீட்ல யாருக்காவது ஒரு கைக்குட்டை தைச்சுக் குடுத்தியா? தலையணை உறை பிரிஞ்சுபோச்சுன்னு குடுத்தேன். ஆர்டர் முடியட்டும்னே. இன்னும் முடியலையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த உறை என் அலமாரியில் எந்த மூலையில் கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

"மெஷின் இங்கயே இருக்கட்டும்" என்றார் மாமியார். "இவ தப்புத்தப்பாவாவது நமக்குன்னு தைக்கிறா."

சாப்பிட்டோம் என்று பேர் பண்ணிவிட்டுக் கிளம்பினோம்.

தெருவில் இறங்கியதும் வீட்டுக்காரரிடம், "உங்கம்மா பேசினது நியாயமா?" என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கே அவகிட்ட சொல்லியிருந்தா இன்னிக்கு மெஷினோட போயிருப்போம்" என்றார்.

உண்மைதான். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வலித்திருக்கிறது. நாளைக் காலை துணியோடு வந்து நிற்பவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நடந்தேன். அழுகை வந்தது. அப்போதும் அவள்மேல் ஆத்திரம்தான் அதைவிட அதிகமாக வந்தது.