ஐந்து வாட்

மாலை நாலரை. குவைத்தில் அப்போது மணி இரண்டு.

வெள்ளிக்கிழமை பிளெஸ்ஸிக்கு ஓய்வு நாள். அங்கே நர்ஸ் வேலை. கந்தர்வக்கோட்டையில் இருக்கும் கணவன் ஜெரால்டை இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். ஊரில் இருந்தவரை மாலை ஜெபத்தில் அவன் கிட்டார் வாசிக்க அவள் பாடுவாள். அங்கே பாட முடியாது. நைட் டூட்டி முடித்தவர்கள் அதே அறையில் தூங்குவார்கள். அவன் வாசிப்பதை இயர்போனில் கேட்டுக்கொள்வாள். அதுதான் இருவருக்கும் ஜெபம்.

ஜெரால்டு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவன். இன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

போன மாதம் புதுப் போன் வாங்கினான். அந்த வாரமே பிளெஸ்ஸி, சத்தம் விட்டு விட்டு வருகிறது என்றாள். அவன் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்பைத்தான் சந்தேகப்பட்டான். திருச்சியில் கச்சேரியை விட்டுவிட்ட ஒருவரிடம் வாங்கியது, அந்தக் கால ரேடியோபோல் கண்ணாடி வால்வு போட்டது. ஐந்து வாட், இரண்டே வால்வு, உள்ளங்கை அகல ஸ்பீக்கர். தந்தியைத் தட்டினால் ஒலி எழுந்ததும் செத்துவிடும். முதல் வால்வுக்குப் பக்கத்தில் இருந்த கெபாசிட்டரை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றைப் பற்றவைத்தான். ஒலி கொஞ்சம் நின்றது. அடுத்த வெள்ளி அவள், தொடக்கம் மட்டும் கேட்கிறது, பிறகு தண்ணிக்குள் போய்விடுகிறது என்றாள்.

ஸ்பீக்கர்தான் காரணம் என்று முடிவு செய்தான். தச்சர் அழகுமலையிடம் பெரிய பெட்டி செய்து வாங்கி, பத்து அங்குல ஸ்பீக்கர் போட்டான். பிறகு உறுமல் ஒன்று கேட்டது. பவர் பக்கத்துக் கெபாசிட்டர்களை மாற்றினான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெட்டிக்குள் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் கை வைப்பான். வீட்டில் அவசரப்படுத்த யாரும் இல்லை.

உறுமல் போயிற்று. ஒரு தந்தியைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தால் ஒலி அந்த அறையிலேயே இருந்தது. தேயாமல், நடுங்காமல், நெடுநேரம்.

பக்கத்து வீட்டு அம்மா சின்னப்பிள்ளை, மாடியில் முந்திரிக்கொட்டை காயப்போட வந்தவள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், பொட்டிய மாத்திட்டீங்களா?"

வெளிப்பெட்டியும் ஸ்பீக்கரும்தான் புதுசு, உள்ளே அதே ஆம்ப்தான் என்றான்.

"முன்னாடியெல்லாம் தகரத்தச் சொரண்டுன மாதிரி இருக்கும். நானும் சார் மனசு நோகுமேன்னு சொல்றதில்ல. இப்ப யாரோ தொண்டையச் செருமிக்கிட்டு பேச வர்ற மாதிரியில்ல இருக்கு."

அவன் சிரித்தான். அதைப் பிளெஸ்ஸியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். பிறகு வேண்டாம், அவளே கேட்கட்டும் என்று விட்டுவிட்டான்.

இன்றே அவள் அந்த ஒலியைக் கேட்க வேண்டியிருந்தது. அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதானால் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் அவனிடம் கேட்டாள். ஒன் இஷ்டம் என்றான். முதல் தடவை அவள் போகும்போதும் அதைத்தான் சொன்னான். வா என்ற சொல் அவனுக்குத் தொண்டையைத் தாண்டி வந்ததில்லை. ஆனால் ஒன்று அவனுக்குத் தெரியும். கிட்டார் நன்றாக அமைந்த நாட்களில் ஜெபம் முடிந்தும் அவள் எழுந்து போகமாட்டாள். அடுப்பில் என்ன இருந்தாலும் பாயிலேயே உட்கார்ந்திருப்பாள். இன்று அந்த ஒலியைக் கேட்டால் வந்துவிடுகிறேன் என்று அவளே சொல்லிவிடுவாள் என்று நம்பினான்.

போன் அடித்தது. சாப்பிட்டாயா என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். அவள் கையெழுத்துப் பற்றித் தொடங்கினாள். முதலில் இதைக் கேள் என்று சொல்லிவிட்டுப் போனை ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலியில் வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

வாசித்தான். வழக்கமான ஜெபப் பாட்டுதான். அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஒலியும் தானாக அடங்கும்வரை விட்டு, அடுத்ததைத் தொட்டான். பாடும்போது அவள் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில் அவனும் நிறுத்தினான். இவ்வளவு நன்றாக அவன் வாசித்ததே இல்லை. கடைசி ஒலி தேய்ந்து முடிந்தபின் போனை எடுத்துக் காதில் வைத்தான். மறுபக்கம் அமைதி. அழுகிறாள் என்று நினைத்தான்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள் பிளெஸ்ஸி.

வாசித்து முடித்துவிட்டேன் என்றான்.

"ஒண்ணுமே கேக்கலையே. நீங்க தொண்டையச் செருமுனீங்க. அதுக்கப்புறம் சுத்தமா ஒண்ணுமில்ல. கட்டாயிருச்சோன்னு ரெண்டு தரம் பாத்தேன்."

அவள் பக்கத்தில் யாரிடமோ மெல்லக் கேட்டாள். உடன் தங்கியிருக்கும் கார்த்திகா, அறந்தாங்கிப் பெண், தூக்கக் குரலில் பதில் சொல்வது அவனுக்கும் கேட்டது.

"புதுப் போனாக்கா? அது பேச்ச மட்டுந்தான் விடும். மத்ததெல்லாம் எரைச்சல்னு வெட்டிரும். சத்தம் சீரா, நீளமா வந்தா ஃபேன் ஓடுதுன்னு நெனச்சுக்கும்."

ஜெரால்டு ஆம்பைப் பார்த்தான். வால்வுகள் சிவந்து நின்றன. ஒலியை எவ்வளவு நிற்க வைத்தானோ அவ்வளவும் வெட்டுப்பட்டிருக்கிறது. தகரம் சுரண்டிய நாட்களில்தான் அவளுக்குக் கொஞ்சமாவது கேட்டிருக்கிறது.

செட்டிங்கில் எதையாவது மாற்றிப் பார்க்கிறேன், பதிவு செய்தாவது அனுப்புகிறேன் என்று சொல்லத் தொடங்கினான்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க." அவள் குரல் தெளிவாக, பக்கத்தில் இருப்பதுபோல் கேட்டது. "பேச்சு மட்டுந்தான் வருமாமே. பேசுங்க. நான் கையெழுத்துப் போடவா, வேணாமா?"