காலி வீட்டுப் பனி

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது லவோன் சட்டைக் கைகள் இரண்டையும் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மே மாதத்து வெயில் சுள்ளென்று அடித்தது. சுற்றி நின்றவர்கள் கோட்டுகளைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் கழுத்து வரை பொத்தான் போட்டு நின்றாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கை, கழுத்து எல்லாம் நன்றாகக் கறுத்துப் பழுப்பேறியிருந்தது. அரிசோனாவில் அந்த நிறத்துக்காகத்தான் எல்லோரும் எண்ணெய் தடவிக்கொண்டு நீச்சல்குளத்தோரம் கிடப்பார்கள். இங்கே வடக்கு டகோட்டாவில், குளிர்காலம் முழுக்க ஜன்னலுக்குள் அடைந்து கிடந்து வெளுத்த முகங்களுக்கு நடுவில், அது களவு நகையைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

பெட்டிக்குள் இருப்பது அவள் அண்ணன் ஓரின். செத்தது ஜனவரியில். நிலம் பாறையாக உறைந்து கிடக்கும் மாதங்களில் அந்த ஊரில் குழி வெட்டுவதில்லை. பெட்டியைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டு, மண் இளகியதும் அடக்கம் செய்வார்கள். அதற்குள் குளிருக்குப் பயந்து தெற்கே போன சிலரும் திரும்பிவிடுவார்கள். போனவர்கள் எல்லாம் வந்து சேரும்வரை அங்கே பிணமும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அண்ணி வெர்டெல் அப்போது ஃபோனில், "இப்ப வந்து என்ன பண்ணப் போற, மண்ணு இளகட்டும்" என்றாள். "நீ சொன்னா சரி" என்று லவோன் மறுவார்த்தை பேசாமல் ஒப்புக்கொண்டாள். யோசிப்பதுபோலக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுட்டது.

பாஸ்டர் நல்ல மனிதர். யார் மனமும் நோகாமல் பேசத் தெரிந்தவர். "கடைசி நாட்களில் ஓரினுடைய நினைவு கொஞ்சம் தடம் மாறியது உண்மைதான். ஆனாலும் அடுத்தவருக்கு உதவி செய்வதை அவர் கைகள் மறக்கவில்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கதை ஊருக்கே தெரியும். நாய்கூட வெளியே தலைகாட்டாத குளிரில், பூட்டிக் கிடந்த தங்கை வீட்டுக்குப் போய், யாரும் ஏறாத படியில் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தான் ஓரின். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தபோது மேல்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிர் இல்லை. பாவம், மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மதுக்கடையில் வேறு மாதிரியும் பேசிக்கொண்டார்கள். இல்லாத வேலையைச் செய்பவனுக்கு அங்கே இப்போது ஓரின் என்று பேர்.

லவோன் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாஸ்டர் சொன்னது பொய் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவன் பக்கத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் புருஷன் ஹார்லன்.

எல்லோரும் கார்களுக்குத் திரும்பும்போது ஓரினுடைய மகன் ராட்னி சாவியைத் தேடி நின்றான். பேன்ட் பையில் தேடினான், கோட்டில் தேடினான். "கையிலதான் வெச்சிருக்க" என்றாள் அவன் மனைவி. ராட்னி உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"அப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுதோ என்னவோ, அத்தே" என்று லவோனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். "அடுத்த மாசம் டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருக்கேன். நமக்கும் வருமான்னு பாத்துச் சொல்லுவாங்களாம்."

"உனக்கு ஒண்ணும் வராது" என்றாள் லவோன். அவன் அதை ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

நடந்தது இதுதான். பல வருஷமாகக் குளிர்காலத்தை லவோனும் ஹார்லனும் அரிசோனாவில் வாடகை வீட்டில் கழித்து வந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் மட்டும் குடியிருக்கும் இடம். வாசலில் ஆரஞ்சு மரம், போக வர கோல்ஃப் வண்டி, சாயங்காலமானால் சீட்டாட்டம். இந்த வருஷம் அங்கேயே ஒரு வீட்டை விலைபேசினார்கள். அதை வாங்க வேண்டுமானால் ஊர் வீட்டை விற்றாக வேண்டும். ஊர் வீட்டை விற்பதை வெர்டெலிடம் சொல்ல லவோனுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே ஆண்டு கல்யாணம் ஆனவர்கள். கடைசிக் காலத்தில் ஒருத்திக்கு ஒருத்தி என்று பேசி வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடு வாங்கியவர்கள். அரிசோனா பேச்சு எடுத்தாலே வெர்டெல், "அங்க நான் யார்கூடப் பேசறது, கள்ளிச் செடிகூடவா?" என்பாள்.

ஆகவே லவோன் அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வது ஓரின்தான். குழாய் உறைந்துவிடாமல் தண்ணீரைத் திறந்து விடுவான், ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவான். அதற்காகத்தான் அவனிடம் சாவி.

"வீட்டப் பாக்க ஆள் வர்றாங்க. வாசல் கொஞ்சம் சுத்தமா இருந்தா நல்லாருக்கும்" என்றாள் லவோன்.

"விக்கறீங்களா?"

"வெர்டெல்கிட்ட சொல்லாத. வசந்தத்துல வந்து நானே நேர்ல சொல்லிக்கறேன்."

"அவகிட்ட நான் எதையும் மறைச்சதில்ல, லவோன்."

"எனக்காக ஒரு தடவ."

"சரி, பாக்கறேன்" என்றான் ஓரின். அதுதான் அவன் அவளோடு பேசிய கடைசிப் பேச்சு.

ஓரின் செத்த அன்றைக்கு, வீட்டைப் பார்ப்பதாக இருந்தவர்கள் வரவுமில்லை. குளிர் அதிகம் என்று தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றியிறைச்சி வைத்த சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட், பெரிய கெட்டிலில் காபி. படி இறங்கும்போது ஹார்லன் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"என்ன, மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"நான் சொல்லிடப் போறேன், ஹார்லன். அந்தப் பையன் பயந்து சாகறான்."

"டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பிடுவாரு. அவனுக்கும் நிம்மதி." குரலைத் தாழ்த்தினான். "சொல்ல வேண்டாங்கல. வியாழக்கிழமை இங்க வீட்ட விக்கற கையெழுத்து முடியட்டும். அப்புறம் சாவகாசமா சொல்லு. இன்னிக்கே சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஓரின் எழுந்து வரப் போறானா?"

ஹார்லன் கெட்டவன் இல்லை. வாழ்நாளெல்லாம் உழைத்தவன், மூட்டு வலிக்காரன், இனிமேலாவது காலில் பனி படாமல் நடக்க ஆசைப்பட்டவன். இதையே நாலு மாதமாகத் தினமும் ஒரு விதமாகச் சொல்லிவருகிறான். கேட்கக் கேட்க லவோனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தன்னைப் பற்றி அவளுக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது அதுதான்.

மூலையில் ஒரு மேசையில் உட்கார்ந்தாள். வெர்டெல் இரண்டு தட்டுகளோடு வந்தாள். ஒன்றை லவோன் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கறுப்பு உடுப்பு தோளில் நிற்காமல் வழிந்தது.

"சாப்புடு. நீ காலைலேர்ந்து ஒண்ணும் வாயில வெக்கல."

"நீ சாப்புட்டியா?"

"எனக்கென்ன." வெர்டெல் சாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். ஃபோன்ல சொல்ல வரல."

"என்ன?"

"மன்னிச்சுக்கோ."

லவோன் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் வீட்டுப் படியில ஆயிடுச்சே. நீ தெனமும் ஏறி எறங்கற படி. இனிமே அதுல கால் வெக்கறப்பல்லாம் உனக்கு அந்த நெனப்புதான வரும். நான் சரியா கவனிச்சிருந்தா அவன வெளியவே விட்டிருக்க மாட்டேன். அந்த வாரமே ஒரு மாதிரிதான் இருந்தான். பால எடுத்து அலமாரில வெக்கிறான். கூப்புட்டா காதுல விழல. காலைல போஸ்ட் ஆஃபீஸ் போறேன்னான். அன்னிக்கு போஸ்ட் ஆஃபீஸே கெடையாது, லீவு. பனி தள்ற மெஷின் கராஜ்ல நிக்குது. அத விட்டுட்டு மண்வெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கான், நெஞ்சு வலிக்காரன். அதுவும் ஆளில்லாத வீட்டுக்கு. புத்தி நல்லா இருக்கறவன் செய்யற காரியமா அது? ராத்திரியெல்லாம் இதையேதான் போட்டு உருட்டிட்டுக் கெடக்கேன். அவன் புத்தி எப்பத்துலேர்ந்து போச்சு, நான் எந்த நாள்ல கோட்ட விட்டேன்னு."

லவோன் தட்டைத் தள்ளி வைத்தாள். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"அவன் புத்தி எங்கயும் போகல."

"ஆறுதலுக்குச் சொல்லாத."

"ஆறுதல் இல்ல. மெஷினப் போட்டா சத்தம் உனக்குக் கேக்கும். அதனாலதான் மண்வெட்டிய எடுத்திருக்கான். நான்தான் உனக்குத் தெரிய வேண்டாம்னேன்."

பக்கத்து மேசையில் யாரோ சர்க்கரை கேட்டார்கள்.

"எது தெரிய வேண்டாம்னே?"

"அன்னிக்கு எங்க வீட்டப் பாக்க ஆள் வர்றதா இருந்துச்சு. விக்கறோம், வெர்டெல். அங்கயே ஒரு வீடு பேசியாச்சு. வாசலச் சுத்தம் பண்ணி வைன்னு நான்தான் ஃபோன் பண்ணினேன். உங்கிட்ட மறைக்க மாட்டேன்னான். எனக்காக மறைன்னேன்."

சொல்லி முடித்ததும், இனி எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று லவோன் காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும். காபியை மூஞ்சியில் ஊற்றினாலும் தேவலை. வெர்டெல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, பாடத்தைத் திருப்பிச் சொல்கிற பிள்ளைபோல், "அப்போ பால அலமாரில வெச்சது?" என்றாள்.

"உங்கிட்ட மறைச்சுப் பழக்கமில்லாதவன். மனசு ஒரு எடத்துல இருந்திருக்காது."

"தலை நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு."

வெர்டெலின் முகம் தளர்ந்தது. அழுவாள் என்று நினைத்தாள் லவோன். அழவில்லை. எழுந்து நின்று, குனிந்திருந்த முதுகை நிமிர்த்தி, கூடத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி, "ராட்னி, இங்க வா" என்றாள்.

ராட்னி வந்தான். வெர்டெல் அவன் காதோடு சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு அவன் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. "அப்ப எனக்கும் ஒண்ணும் இல்ல" என்றான் கைக்குள்ளேயே. கையை எடுத்தபோது எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் லவோனைப் பார்த்தான். "இத நீங்க ஜனவரியிலயே சொல்லியிருக்கலாம், அத்தே." கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து தன் மனைவியிடம் போனான்.

வெர்டெல் அதற்குள் அடுத்த மேசைக்குப் போயிருந்தாள். அங்கே சொல்லிவிட்டு அதற்கடுத்த மேசைக்கு. கல்யாணச் சேதி சொல்பவளைப்போல ஒவ்வொரு மேசையாக, நாற்காலி முதுகைப் பிடித்துக் குனிந்து சொல்லிக்கொண்டே போனாள். என் ஓரின் நல்லாத்தான் இருந்தான், ஒரு காரியமாத்தான் போனான். கேட்டவர்கள் முகம் முதலில் மலர்ந்தது. பாஸ்டர் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மதுக்கடைக்காரர் தலை குனிந்துகொண்டார். என்ன காரியம் என்று அவர்கள் கேட்ட பிறகுதான் ஒவ்வொரு மேசையிலும் ஓரிரு தலைகள் மூலைப் பக்கம் திரும்பின. திரும்பிய வேகத்தில் மறுபடி காபிக் கோப்பைக்குத் திரும்பிவிட்டன. முறைத்துப் பார்ப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு வராது. வெர்டெல் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. பழி வாங்கவும் இல்லை. அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில் லவோன் நினைவே இல்லை.

ஹார்லன் வந்து, "நான் கார்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு படியேறினான்.

லவோனுக்குக் காருக்குப் போகக் கால் வரவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. மேசையிலிருந்த தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சாவு வீட்டு உறவுக்காரர்களை அன்றைக்குச் சமையலறையில் ஒரு வேலையும் தொட விடமாட்டார்கள். கோப்பையைக் கையில் எடுத்தாலே யாராவது பிடுங்கிக்கொண்டு, "நீ போய் உக்காரு, நாங்க இருக்கோம்" என்று முதுகில் கைவைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். லவோனே எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறாள்.

உள்ளே நாலைந்து பெண்கள் இருந்தார்கள். சேதி அவளுக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது. லவோன் தட்டுகளை வைத்துவிட்டு, கொக்கியிலிருந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டு தொட்டி ஓரமாக நின்றாள். யாராவது துணியைப் பிடுங்கிக்கொண்டு, போய் உட்காரச் சொல்வார்கள் என்று கொஞ்சம் பொறுத்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நார்மா அவளைத் திரும்பிப் பார்க்காமல், கழுவிய ஈரத் தட்டுகளை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.