ஹெல்மெட்டுக்குள் இருந்த குரல்

பதினோரு ஆண்டுகள் கார் பந்தயத் தடத்தில் எவனுக்கும் வழிவிடாதவள், ஒரு கேமராவின் முன்னால் மூன்று நாளாக நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றாள். முழங்கால் முறிந்து ரேஸை விட்டவளை, புது வண்டிகளை எடைபோட்டுச் சொல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று அன்று தடத்தோரம் கேட்டவர்கள், இன்று வீட்டுக் கூடத்தில் கால்நீட்டிக் காத்திருந்தார்கள். அவர்கள் வாயை அடைக்க வேண்டிய வாய்தான் திறக்க மறுத்தது.

எழுதிக் கொடுத்த வரிகள் கேமராவுக்குக் கீழே ஒரு திரையில் ஓடின. பாறைபோல் உறுதியான பிரேக் என்பது முதல் வரி. பதினேழு முறை படித்தாள். பதினேழு முறையும் வாடகை ஒப்பந்தம் வாசிப்பதுபோல் இருக்கிறது என்றார் இயக்குநர். மதியத்துக்குள் தேறாவிட்டால், நாளை முதல் சோப்பு விளம்பரத்தில் சிரிக்கும் நடிகன் வருவான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லுங்கக்கா," என்று கெஞ்சினான் உதவி இயக்குநர்.

"பிரேக்கைப் பத்திச் சிரிச்சுக்கிட்டே பேசுறவன் வண்டியில நான் ஏற மாட்டேன் தம்பி."

அடுத்தது ஓட்டும் காட்சி. பேச்சே தேவையில்லை, ஐந்து சுற்று போதும் என்றார்கள். ஹெல்மெட்டை மாட்டியதும் அவள் முதுகு தானே நிமிர்ந்தது. ஹெல்மெட் ஒலிவாங்கியின் மறுமுனையில் அவளுடைய உடன்பிறந்த தம்பி. பதினோரு ஆண்டும் அவளுக்கு டயர் மாற்றியவன். இன்றும் அதற்கே வந்திருந்தான். வண்டியின் இரைச்சலுக்காக அந்த ஒலிவாங்கியையும் பதிவுக்கருவியோடு இணைத்திருந்ததை அக்காளும் தம்பியும் மறந்தே போனார்கள். முதல் சுற்று முடிந்ததும், ஒவ்வொரு பந்தயத்திலும் கேட்டதையே அவன் கேட்டான்.

"வண்டி எப்படி?"

"ஸ்டியரிங் தங்கம்டா. இன்ஜின் கேட்டதைக் குடுக்குது. பின்சீட்டு மட்டும் மாமியார் உட்கார்ந்தா ஒரே நாள்ல சண்டைதான்."

மூன்றாம் சுற்றில் அவள் குரல் இறுகியது.

"வளைவுல மிதி மெத்துன்னு இறங்குது. சூடானா பிரேக் கைவிடுது. குழந்தை குட்டியோட மலையிறங்குறவன் என்னடா பண்ணுவான்?"

"நீ என்ன பண்ணப் போற?"

"கியரைக் குறைச்சு அடக்குறேன். பாரு."

வண்டி உறுமியது, முரண்டியது, அடங்கியது. காதில் கருவியோடு நின்ற இயக்குநர், எவரும் இருமக்கூடாது என்று கையை உயர்த்தியிருந்தார்.

பக்கத்தில் நின்று பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த வண்டிக் கம்பெனிக்காரர் பதறி ஓடிவந்தார். பிரேக் பேச்சை வெட்டியே ஆகவேண்டும் என்று குதித்தார். அதை வெட்டினால் மிச்சம் இருப்பது வாடகை ஒப்பந்தம்தான் என்று இயக்குநர் மறுத்துவிட்டார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, கம்பெனிக்காரரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"நல்ல வண்டிங்க. பிரேக்கைச் சரிபண்ணிக் கொண்டாங்க. அதையும் என் வாயாலயே சொல்றேன்."

எழுதிய தாள்களைக் கசக்கி எறிந்த இயக்குநர், ஆசை தாளாமல், அதையே இன்னும் ஒரே ஒரு முறை ஓட்டிப் பேசினால் என்ன என்று இழுத்தார்.

"ஓட்டி முடிச்ச சுற்று முடிச்சதுதான். அடுத்த வண்டியைக் கொண்டாங்க," என்றாள், கேமராவை நேருக்கு நேர் பார்த்து.