வெள்ளிக்கிழமை வேர்க்கட்டு

அந்த ஃபிஜி மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் மருத்துவத் துறையில் எதுவும் கூட்ட அறையில் முடிவானதில்லை. வெள்ளிக்கிழமை மாலை, துறைத்தலைவர் வெரேதாவின் அறையில், பாயில் வைத்த கவா என்னும் வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றித்தான் எல்லாம் முடிவாகும். யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு வெளிநாட்டுப் படிப்பு என்பதெல்லாம் கொட்டாங்குச்சி இரண்டு சுற்று வருவதற்குள் தீர்ந்துவிடும். அந்நேரம் வார்டை யாராவது பார்க்க வேண்டுமே! அதற்கென்றே பிறந்தவள்போல டாக்டர் உனைசி இருந்தாள்.

ஆக்லாந்தில் குழந்தை இதய மருத்துவம் படிக்க ஆண்டுதோறும் துறைக்கு ஓர் இடம் வரும். உனைசி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடம் பாடம் படித்த பையன்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். இந்த முறை ஜொயேலி என்று பேச்சு அடிபட்டது. அவனுக்கு ஸ்டெதஸ்கோப்பைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இவள்தான். இதில் வேடிக்கை, அவளுடைய முன்னேற்றத்துக்கு வழிகாட்டி என்று கல்லூரி நியமித்திருந்தது வெரேதாவைத்தான். போன சந்திப்பில் அவர் ரக்பியைப் பற்றி நன்றாக வழிகாட்டினார்.

அழுத காலமெல்லாம் போய்விட்டது. இப்போது அவளுக்குக் கோபம் மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை நேராக அறைக்குள் வந்து, வார்டு போனை ஜொயேலியின் மடியில் போட்டாள்.

"என்னக்கா இது?"

"இன்னைக்கு உன் டியூட்டிடா. எல்லா வெள்ளியும் உன் டியூட்டிதான். ஓடு."

அவன் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, செய்தித்தாளில் சுற்றிய கவா வேர்க்கட்டை வெரேதாவின் முன் வைத்தாள். வேரை வைத்து ஒன்றைக் கேட்டால், பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். தொட்டுவிட்டால் கேட்டதைக் கொடுத்ததாக அர்த்தம். அங்கே சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"ஆக்லாந்து இடத்தை இந்த வருஷம் எனக்குக் கொடுக்கணும்னு கேட்டு இந்த வேரை வைக்கிறேன்" என்றாள், தலை குனிந்து, தெளிவாக.

வெரேதா, கவா கலக்கிக்கொண்டிருந்த செமியிடம் முந்தைய நாள் ஆட்டத்தில் நடுவர் செய்த அநியாயத்தை விளக்கிக்கொண்டிருந்தார். வாராவாரம் யாராவது வேர் கொண்டுவருவது வழக்கம். உனைசி பேசும்போது அவர் கேட்காததும் வழக்கம். பேச்சை நிறுத்தாமலே வேரைத் தொட்டு, கைகளைக் குவித்துத் தட்டினார்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள்.

"என்னடா முழிக்கிறீங்க?"

"சார்..." செமி கலக்குவதை நிறுத்தினான். "ஆக்லாந்தை அவங்களுக்குக் கொடுத்துட்டீங்க."

"நானா? எனக்கு எதுவும் காதுல விழலையே!"

"தெரியும் சார். வருஷக்கணக்கா விழல" என்றாள் உனைசி.

"ஏம்மா, ஆபீஸ் விஷயத்தை வேரை வச்சு முடிவு பண்ண முடியுமா?"

"இந்த ரூம்ல வேற எப்படி சார் முடிவு பண்ணியிருக்கீங்க?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். வெரேதாவின் முகம் கறுத்தது.

"ரெண்டு சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எப்படிம்மா..."

"நீங்க நாலு பிள்ளைங்களை விட்டுட்டு மெல்பர்னுக்குப் படிக்கப் போனீங்களே, அப்ப யாராவது கேட்டாங்களா?"

அவர் வேரைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் தொட்டதைத் திருப்பித் தந்தால், அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. செமி கொட்டாங்குச்சியை நிரப்பி முதலில் அவரிடம் நீட்டினான். வேறு வழியில்லாமல் குடித்தார். அடுத்ததை, யாரும் சொல்லாமலே, உனைசியிடம் கொண்டுபோனான்.

அவள் ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மடக்கில் குடித்தாள்.

"பரிந்துரைக் கடிதம் திங்கக்கிழமை காலைல வேணும் சார்" என்றாள், வராந்தா வரைக்கும் கேட்கும்படி. "காதுல விழுந்துச்சா?"