குழாய்த் தண்ணீர்

பினாயில் அக்கா மாதா கோயிலுக்குள் கால் வைத்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவளுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். அது புரியாமல், சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார், பூசைக்கு ஒழுங்காக வராதவர்களின் பட்டியலை ஒருநாள் கோயில் வாசலில் நின்று உரக்க வாசித்தார். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. இவளுக்கு மட்டும் "ஆஸ்பத்திரி பினாயில்" என்றார். கூட்டம் சிரித்தது. வேதத்தைக் கரைத்துக் குடித்த மனிதர், அதில் கொஞ்சம் இரக்கத்தையும் சேர்த்துக் கரைத்திருக்கலாம்.

அன்றோடு அவள் கோயிலை விட்டாள். கடவுளை விடவில்லை. வார்டுக்குப் பத்துக் கட்டில். ஒரு கட்டிலுக்கடியில் துடைத்து முடிப்பதற்கும், ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பதற்கும் சரியாக இருக்கும். ஐந்து வார்டும் பளபளக்கும்போது ஒரு முழு ஜெபமாலை முடிந்திருக்கும்.

ஒரு மத்தியானம், ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை ஒன்று நீலம் பாரித்துக் கிடந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். தாய்க்கு மயக்கம் தெளியவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளை போய்விடுமே என்று லாரி ஓட்டுகிற தகப்பன் சாமியாருக்குப் போன் மேல் போன் போட்டான். அவர் வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. தகப்பனிடம் கேட்டாள், அவன் கையெடுத்துக் கும்பிட்டான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நர்ஸ் கொடுத்த மருந்துக் குவளையில் தண்ணீர் பிடித்து, அந்தப் பிஞ்சு நெற்றியில் மூன்று தடவை சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

பிள்ளை போகவில்லை. நாலு மாதத்தில் கன்னமும் தொடையுமாக, பூசை முடிந்த கோயிலே அதிரும்படி அழுதது. ஞானஸ்நானத்துக்காக எல்லோரும் கூடியிருந்தார்கள். தகப்பன் கெஞ்சிக் கூப்பிட்டதால் அக்காவும் வேலையிலிருந்து நேரே வந்து, கடைசி பெஞ்சின் ஓரத்தில் நின்றாள். நடந்ததைத் தகப்பன் சொன்னதும் உபதேசியார் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் செல்லாது. பூசைக்கே வராதவ ஊத்தினது வெறும் தண்ணி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற கதைதான். ஆனால் அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குப் பிள்ளை போயிருந்தால்? தான் செய்தது வெறும் விளையாட்டா? பதினொரு வருடமாகக் கட்டிலுக்கடியில் சொன்னதெல்லாம் தரையோடு போயிற்றா? அவளுக்கு அழுகை வந்தது.

சாமியார் அவளை முன்னால் வரச் சொன்னார்.

"என்ன தண்ணிம்மா?"

"குழாய்த் தண்ணி சாமி. மந்திரிக்கல."

"என்ன சொல்லி ஊத்துனீங்க?"

"தந்தை, மகன், தூய ஆவியார் பேரால உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கறேன்னு. திருச்சபை கொடுக்கற மாதிரியே கொடுக்கணும்னு நெனச்சுத்தான் ஊத்தினேன்."

சாமியார் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அப்ப முடிஞ்சுபோச்சு. ஒருத்தருக்கு ஒரு தடவைதான். மறுபடி ஊத்த எனக்கே அதிகாரம் இல்ல. எண்ணெய் பூசி மெழுகுதிரி ஏத்துறேன், அவ்வளவுதான்."

சடங்கு முடிந்து பதிவேட்டைத் திறந்த உபதேசியார், பழக்க தோஷத்தில் 'ஞானஸ்நானம் கொடுத்தவர்' என்ற இடத்தில் சாமியார் பெயரை எழுதப் போனார்.

"நான் கொடுக்கலயே," என்றார் சாமியார். "அவங்க பேர எழுதுங்க."

பேனா நின்றது. உபதேசியார் மெல்ல நிமிர்ந்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

பினாயில் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை, அன்றைக்குப் பட்டியல் வாசித்த அந்த வாசல்வரை கேட்கும்படி, முழுதாகச் சொன்னாள்.